தைப்பதற்கு முன் விரலைச் சோதியுங்கள்: அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கையில் வெட்டுப்பட்டு வருகிறவரை முதலில் பார்ப்பவர்கள் நீங்கள். கை அறுவை சிகிச்சையும் கைக்கான பிசியோதெரபியும் செய்யும் எங்களிடம் அவர் அதற்குப் பிறகுதான் வருகிறார். சிலர் மறுநாளே வந்துவிடுகிறார்கள். சிலர் மாதக்கணக்கில் கழித்து, தழும்பு வெளுத்துப்போன பிறகு, "தையல் ஆறிடுச்சு, ஆனா விரல் நுனி மடங்கவே மாட்டேங்குது" என்று வருகிறார்கள். இரண்டு பேருக்கும் பட்ட வெட்டு ஒரே மாதிரிதான் இருக்கும். ஒருவருக்கு ஒரே அறுவை சிகிச்சையில் விரல் திரும்பக் கிடைக்கிறது; மற்றவருக்கு இரண்டு அறுவை சிகிச்சை செய்தும் பாதி விரல்தான் கிடைக்கிறது. தோலைத் தைப்பதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் என்ன சோதிக்கப்பட்டது என்பதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

நாங்கள் கேட்பது இதுதான். முன்கையிலிருந்து விரல் நுனி வரை எங்கே தோல் கிழிந்து வந்தாலும், காயம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், ஒவ்வொரு விரலின் தசைநாண்களையும் (தசையை எலும்போடு இணைக்கும் டெண்டன்களை) தனித்தனியாகச் சோதித்து, கண்டதை விரல் வாரியாகக் கேஸ் ஷீட்டில் எழுதிய பிறகே தையல் போடுங்கள்.

"விரலை அசைங்க" என்கிறீர்கள், அசைக்கிறார், "டெண்டன் ஓகே" என்று எழுதப்படுகிறது. தவறவிட்ட காயங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியில்தான் தொடங்குகின்றன. விரலுக்குள் அதை மடக்கும் தசை கிடையாது. மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நான்கு விரல்களுக்கும் இரண்டிரண்டு நாண்கள், பெருவிரலுக்கு ஒன்று, ஆக 9 நாண்கள் மீடியன் நரம்போடு சேர்ந்து மணிக்கட்டின் குறுகிய குகை வழியே உள்ளங்கைக்கு வருகின்றன. விரலுக்கு வரும் இரண்டில் மேல்நாண் நடு எலும்பில் ஒட்டிக்கொள்கிறது. ஆழ்நாண் நுனி எலும்பு வரை போகிறது. விரலின் அடிப்பகுதியில் மேல்நாண் இரண்டாகப் பிளந்து வழிவிட, ஆழ்நாண் அந்தப் பிளவுக்குள் நுழைந்து முன்னே செல்கிறது.

இந்த அமைப்பால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஆழ்நாண் மட்டும் அறுந்தால் நடு மூட்டு நன்றாக மடங்கும். நுனி மட்டும் மடங்காது. மேல்நாண் மட்டும் அறுந்தால் விரல் முழுதுமே மடங்கும், ஏனென்றால் ஆழ்நாண் தான் கடந்துபோகும் எல்லா மூட்டுகளையும் மடக்கிவிடும். இரண்டும் அறுந்தால்கூட விரலின் அடி மூட்டு மடங்கும். அதற்கு உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகள் போதும். அதாவது, எது அறுந்திருந்தாலும் விரல் "அசையும்". அசைவைக் கேட்டால் அசைவுதான் பதிலாக வரும். நாணைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

முதலில் கையைத் தொடாமல் பாருங்கள். புறங்கை கீழே இருக்கும்படி மேசையில் தளர்வாக வைக்கச் சொன்னால், ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டு விரல் நோக்கிப் போகப் போக மடிப்பு கூடிக்கொண்டே போகும். அந்த வரிசையில் ஒரு விரல் மட்டும் நீட்டிக் கிடந்தால், வேறெதுவும் செய்வதற்கு முன்பே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. சிறு குழந்தைகள், மது அருந்தியவர்கள், மயக்கத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இதுவே முதன்மைச் சோதனை. மணிக்கட்டை மெதுவாகப் பின்னுக்குச் சாய்த்தால் விரல்கள் தாமாகவே மடங்க வேண்டும். முன்கையின் நடுப்பகுதியை அழுத்தினாலும் விரல்கள் சற்று மடங்க வேண்டும். எந்த விரல் அந்த ஓட்டத்தில் சேரவில்லையோ அதைச் சந்தேகியுங்கள். அழுகிற குழந்தையிடம் "மடக்கு, நீட்டு" என்று போராடுவதைவிட இது பல மடங்கு நம்பகமானது.

ஆழ்நாணைச் சோதிக்க, விரலின் நடு எலும்பை உங்கள் விரல்களால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். மேல்நாணைச் சோதிக்க, மற்ற மூன்று விரல்களையும் முழுதாக நீட்டிப் பிடித்து, சோதிக்கும் விரலை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். நடு, மோதிர, சுண்டு விரல்களின் ஆழ்நாண்கள் பெரும்பாலும் ஒரே தசையிலிருந்து பிரிகின்றன. ஒன்றை நீட்டிக் கட்டிப்போட்டால் மற்றவையும் இழுக்க முடியாமல் நின்றுவிடும். அப்போது விரலை மடக்குவது மேல்நாண் மட்டுமே. நடு மூட்டு மடங்கி, நுனி தொளதொளவென்று இருந்தால் மேல்நாண் நன்றாக இருக்கிறது.

இந்தச் சோதனை ஏமாற்றும் இடங்கள் இரண்டு. ஆள்காட்டி விரலின் ஆழ்நாணுக்குத் தனித் தசை இருப்பதால், மற்ற விரல்களைப் பிடித்தாலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். அங்கே பெருவிரலோடு ஆள்காட்டி விரலைச் சேர்த்து ஒரு தாளை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, நுனி மூட்டை நீட்டி வைத்துக்கொண்டே அழுத்தச் சொல்லுங்கள். மேல்நாண் இருந்தால்தான் அது முடியும். சுண்டு விரலில் மேல்நாண் பலருக்குத் தனியாக இயங்காது, சிலருக்கு இருக்கவே இருக்காது. மறு கையின் சுண்டு விரலோடு ஒப்பிடாமல் முடிவு எழுதாதீர்கள்.

பெருவிரலில் அடி மூட்டைப் பிடித்துக்கொண்டு நுனி மூட்டை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். நீட்டும் நாணுக்கு, உள்ளங்கையை மேசையில் பதித்து வைத்து, பெருவிரலை மட்டும் மேசையை விட்டு மேலே தூக்கச் சொல்லுங்கள். காற்றில் "தம்ஸ் அப்" காட்டச் சொன்னால் போதாது. வேறு தசைகள் அதை ஓரளவு செய்துவிடும்.

எல்லாச் சோதனையிலும் அசைவோடு நிறுத்தாமல், உங்கள் விரலால் எதிர்த்து அழுத்திப் பாருங்கள். பாதி அறுந்த நாண் அசைவைத் தரும். ஆனால் எதிர்ப்பு வந்ததும் வலிக்கும், அல்லது தளரும். "மடங்குது, அழுத்தினா மட்டும் வலிக்குது" என்று ஒருவர் சொன்னால் அதைத் தோல் வலி என்று தள்ளிவிடாதீர்கள். அந்த நாணைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

கண்ணால் பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒருவர் கண்ணாடி பாட்டிலை இறுகப் பிடித்திருக்கும்போது அது உடைந்து, மோதிர விரலின் அடியில் 8 மி.மீ. அளவு வெட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெட்டு விழும் நேரத்தில் விரல் மடங்கி இருந்தது. நாண் முன்கையை நோக்கி இழுக்கப்பட்டிருந்தது. உங்கள் மேசையில் விரலை நீட்டி வைத்ததும், நாணில் வெட்டு விழுந்த இடம் தோல் காயத்தைத் தாண்டி விரல் நுனிப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. பாதி அறுந்திருந்தால், காயத்தின் சிறு திறப்பு வழியே உங்களுக்குத் தெரிவது வெள்ளையாகப் பளபளக்கும் முழு நாண். முழுதும் அறுந்திருந்தால் நுனிப்பக்கத் துண்டு முன்னே போய்விடும், மேற்பக்கத் துண்டைத் தசை உள்ளங்கைக்கே இழுத்துவிடும். காயத்துக்குள் எதுவுமே தெரியாது. ஆகவே "காயத்தில் வெட்டுப்பட்ட நாண் தெரியவில்லை" என்பது எதையும் நிரூபிப்பதில்லை. வெட்டுப்படும்போது கை எந்த நிலையில் இருந்தது என்று கேளுங்கள். அதே நிலைக்கு விரலைக் கொண்டுவந்து, முழு மடிப்பிலிருந்து முழு நீட்டு வரை அசைத்துக்கொண்டே பாருங்கள்.

உணர்ச்சியை மரப்பு ஊசிக்கு முன் சோதியுங்கள். ஊசி போட்ட பிறகு அந்தத் தகவல் போனதுதான். விரலின் இரு ஓரங்களையும் தனித்தனியாக, அடிபடாத விரலோடு ஒப்பிட்டுத் தொடுங்கள். பேப்பர் கிளிப்பை விரித்து இரு முனைகளை 6 மி.மீ. இடைவெளியில் வைத்தால், விரல் நுனியில் அவை இரண்டாகத் தெரிய வேண்டும். இன்னொரு குறிப்பு, பலர் கவனிக்காதது: விரலில் நரம்பு, ரத்தக் குழாயைவிட உள்ளங்கைப் பக்கம் இருக்கிறது. உள்ளங்கைப் பக்க வெட்டிலிருந்து ரத்தம் துடித்துத் துடித்து வந்தால், கத்தி நரம்பைக் கடந்துதான் குழாயை எட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அதே காரணத்துக்காக, ரத்தத்துக்குள் கண் தெரியாமல் கிளாம்ப் போட்டுப் பிடிக்கவே கூடாது. பக்கத்தில் இருக்கும் நரம்பு நசுங்கிவிடும். கையை உயர்த்தி, காஸ் வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்தினால் விரல் ரத்தம் ஏறக்குறைய எப்போதும் நிற்கும்.

உணர்ச்சியை எழுதிய பிறகு விரலுக்கு மரப்பு ஊசி போட்டுவிட்டு, அசைவையும் வலுவையும் மறுபடி சோதிக்கலாம். மடக்கும் தசை முன்கையில் இருப்பதால் விரல் ஊசி அதைச் செயலிழக்கச் செய்யாது. வலியால் மடக்காமல் இருந்தாரா, நாண் இல்லாததால் மடங்கவில்லையா என்ற குழப்பம் அப்போது தீர்ந்துவிடும்.

புறங்கைக் காயங்களை எளிதாக நினைக்கும் பழக்கம் இருக்கிறது. எங்கள் அனுபவத்தில் அதிகம் தவறவிடப்படுவது நடு மூட்டின் மேலே உள்ள வெட்டுதான். அங்கே நீட்டு நாணின் நடுப்பட்டை அறுந்தாலும், அதன் இரு பக்கப் பட்டைகள் முதல் சில நாட்களுக்கு விரலை நீட்டிவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் அந்தப் பட்டைகள் பக்கவாட்டில் சரிந்து மூட்டுக்குக் கீழே இறங்க, நடு மூட்டு மடங்கியும் நுனி மேல்நோக்கி வளைந்தும் நின்றுவிடும். அதைப் பிறகு சரிசெய்வது மிகக் கடினம். இதற்கு எல்சன் சோதனை இருக்கிறது. மேசை விளிம்பில் நடு மூட்டை 90 டிகிரி மடக்கி வைத்து, நடு எலும்பை நீங்கள் அழுத்திப் பிடித்துக்கொண்டு, விரலை நீட்ட முயலச் சொல்லுங்கள். நுனி தளர்வாக இருந்தால் நடுப்பட்டை நலம். நுனி விறைத்து நீண்டால் நடுப்பட்டை அறுந்திருக்கிறது.

புறங்கையில் நீட்டு நாண்களை ஒன்றோடொன்று இணைக்கும் குறுக்குப் பட்டைகளும் இருக்கின்றன. ஒரு நாண் அறுந்தாலும் பக்கத்து விரல் இந்தப் பட்டை வழியாக அதை நீட்டிவிடும். அதனால் இங்கேயும் ஒவ்வொரு விரலாக, எதிர்ப்புக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

விரல் முட்டி மேல் சிறு கிழிசலோடு வருகிறவர் "சுவத்துல இடிச்சுக்கிட்டேன்" என்று சொன்னாலும், அது இன்னொருவரின் பல் பட்ட காயமா என்று தனியாகக் கேளுங்கள். மூடிய கை பல்லில் மோதும்போது பல் மூட்டுக்குள்ளேயே போகலாம். கையை விரித்ததும் தோல், நாண், மூட்டு உறை மூன்றிலும் உள்ள துளைகள் வெவ்வேறு இடங்களுக்கு நகர்ந்து, கிருமி உள்ளே அடைபட்டுவிடும். இதைத் தைக்கக் கூடாது. எக்ஸ்ரே எடுத்து, மூட்டைத் திறந்து கழுவ அன்றே அனுப்ப வேண்டும். ஆன்டிபயாடிக் தாமதிக்கக் கூடாது.

தோல் கிழியாமலும் நாண் அறும். ஓடும் ஆட்டக்காரரின் சட்டையைப் பிடித்து இழுக்கையில் மடங்கிய விரல் வலுக்கட்டாயமாக நீட்டப்பட்டால், ஆழ்நாண் எலும்பிலிருந்து பிய்ந்துவிடும். பெரும்பாலும் மோதிர விரலில். விரல் வீங்கியிருக்கும், எக்ஸ்ரே நன்றாக இருக்கும், "சுளுக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். நாண் உள்ளங்கை வரை சுருங்கிப் போயிருந்தால், அதைத் திரும்ப ஒட்டவைக்க இருப்பது 7 முதல் 10 நாட்கள்தான். நுனி மூட்டைத் தனியே மடக்கச் சொல்லும் அந்த ஒரு சோதனை இங்கேயும் போதும்.

ஒரு விரலின் நுனி மடங்காததில் என்ன பெரிய இழப்பு என்று கேட்பவர்கள் உண்டு. 1956-இல் பிரிட்டிஷ் உடற்கூறியலாளர் ஜான் நேப்பியர் கையின் பிடியை வலுப்பிடி, நுண்பிடி என்று பிரித்து விளக்கினார். பெருவிரலும் ஆள்காட்டி, நடு விரல்களும் ஊசியையும் பேனாவையும் பிடிக்கின்றன. சுத்தியலையும் கைப்பிடிக் கம்பியையும் உள்ளங்கையோடு சேர்த்து இறுக்குவதில் மோதிர, சுண்டு விரல்களின் பங்கு பெரிது. கூலி வேலை செய்கிறவருக்கு அந்த இரண்டு விரல்களும் பிழைப்பு. மேலும், ஆழ்நாண்கள் ஒரே தசையைப் பகிர்வதால், ஒரு விரலில் நாண் தழும்பில் ஒட்டி இழுபடாமல் நின்றால், அடிபடாத பக்கத்து விரல்களும் முழுதாக மடங்காமல் போகும். ஒரு விரலுக்கு வந்த காயம் முழுக் கையின் பிடியையும் தளர்த்திவிடும்.

நாண் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் நீங்களே அதைத் தைக்க வேண்டியதில்லை, தைக்கவும் வேண்டாம். குறிப்பாக, உள்ளங்கையின் விரல்பக்க ரேகையிலிருந்து விரலின் நடு எலும்பு வரையான பகுதியில். அங்கே இரண்டு நாண்களும் ஒரே இறுக்கமான உறைக்குள், எலும்போடு ஒட்டிய கப்பி வளையங்களுக்கு அடியில் ஓடுகின்றன. ஏ1 முதல் ஏ5 வரையான வளையங்களில் ஏ2, ஏ4 இரண்டும் மிக முக்கியம். அவை போனால், விரல் மடங்கும்போது நாண் எலும்பை விட்டு விலகி வில்லின் நாண் போலத் துருத்தி நிற்கும், மடிப்பும் குறையும். அமெரிக்கக் கை அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் இந்தப் பகுதியை "யாருக்கும் சொந்தமில்லாத நிலம்" என்றார். அந்தக் காலத்தில் தோலை மட்டும் மூடிவிட்டுப் பிறகு நாண் ஒட்டு வைப்பதே வழக்கமாக இருந்தது. 1960களுக்குப் பிறகு முதல் சில நாட்களிலேயே நேரடியாகத் தைப்பது நிலைபெற்றது. ஆனால் அதற்கு உருப்பெருக்கும் கண்ணாடி, 4 அல்லது 6 இழை மையத் தையல், விளிம்பில் 6-0 என்ற மிக மெல்லிய நூல், தையலைத் தொடர்ந்து வரும் பயிற்சி எல்லாம் வேண்டும். இவை இல்லாமல் தைத்தால் நாண் உறையோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது அறுந்துவிடும்.

உங்கள் வேலை எளிமையானது. எக்ஸ்ரே எடுங்கள், கண்ணாடித் துண்டு பெரும்பாலும் அதில் தெரியும், மரச் சிம்பும் பிளாஸ்டிக்கும் தெரியாது. காயத்தை நிறைய சலைனால் கழுவுங்கள், டெட்டனஸ் பாருங்கள், தோலை இரண்டு மூன்று தையலில் தளர்வாக மூடுங்கள். மடக்கு நாண் அறுந்திருந்தால் புறங்கைப் பக்கம் ஸ்லாப் (மாவுக்கட்டுப் பட்டை) வைத்து, மணிக்கட்டைச் சுமார் 20 டிகிரி முன்னுக்கும், விரலின் அடி மூட்டுகளை 60 முதல் 70 டிகிரிக்கும் மடக்கி, மற்ற மூட்டுகளை நேராக விடுங்கள். புறங்கையில் நீட்டு நாண் அறுந்திருந்தால் மணிக்கட்டைப் பின்னுக்கு 30 டிகிரி சாய்த்து வையுங்கள். விரல் வெளிறியோ குளிர்ந்தோ இருந்தால் உடனே அனுப்ப வேண்டும். மற்றவர்களை ஓரிரு நாளில் கை அறுவை மருத்துவர் பார்த்தால் போதும், ஒரு வாரத்துக்குள் தைக்க முடிந்தால் நல்லது. 3, 4 வாரம் கடந்தால் தசை சுருங்கி, உறை மூடிவிடும். பிறகு சிலிகான் தண்டு வைத்து, சுமார் 3 மாதம் காத்திருந்து, வேறு இடத்திலிருந்து நாண் எடுத்து ஒட்டவேண்டிய நிலை வரலாம்.

கேஸ் ஷீட்டில் "கை வெட்டு, தையல் போடப்பட்டது" என்று எழுதாதீர்கள். "வலது மோதிர விரல்: ஆழ்நாண் இல்லை. மேல்நாண் உண்டு, எதிர்ப்பில் வலி. சுண்டு விரல் பக்க ஓரத்தில் உணர்ச்சி இல்லை. நுனி சிவப்பு, அழுத்தி விட்டால் 2 விநாடியில் ரத்தம் திரும்புகிறது. மற்ற விரல்கள் நலம்." இவ்வளவு இருந்தால் போனிலேயே எங்களால் முடிவெடுக்க முடியும். சோதிக்க முடியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்; "சோதிக்க இயலவில்லை" என்ற வார்த்தை "நலம்" என்பதைவிடப் பாதுகாப்பானது.

நோயாளியிடம் அன்றே ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: நாண் தைப்பது ஒரு நாள் வேலையல்ல. தைத்த சில நாளிலேயே பயிற்சி தொடங்கும். நாண் உறைக்குள் 3 முதல் 5 மி.மீ. ஓடினாலே ஒட்டுதல் குறையும் என்பதால்தான் இந்த அவசரம். ஆனால் சுமார் 6 வாரம் ஸ்ப்லிண்ட் (கையைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு), சுமார் 12 வாரம் வரை பாரம் தூக்கக் கூடாது. வலி போனதும் பத்தாம் நாளில் ஸ்ப்லிண்டைக் கழற்றி வாளியைத் தூக்குகிறவர்களின் நாண்தான் அறுகிறது. வலி போவதற்கும் நாண் வலுவாவதற்கும் சம்பந்தமில்லை. இதை முதலிலேயே உங்கள் வாயால் கேட்டவர், எங்களிடம் வரும்போது வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மனதைத் தயார்படுத்திக்கொண்டு வருகிறார்.

கடைசியாக, தையல் பிரிக்கும் அறையில் இருக்கும் செவிலியர்களுக்கு. கைக்காயத் தையலைப் பிரிக்க 10ஆம் நாள் ஒருவர் வந்தால், நூலை வெட்டுவதற்கு முன் அந்த விரலின் நுனி மூட்டையும் நடு மூட்டையும் தனித்தனியே மடக்கச் சொல்லுங்கள், நீட்டச் சொல்லுங்கள். முதல் நாள் நன்றாக இருந்து இன்று மடங்கவில்லை என்றால், பாதி அறுந்திருந்த நாண் இடையில் முழுதும் அறுந்திருக்கலாம். நடு மூட்டு மடங்கியபடி தொங்கத் தொடங்கியிருந்தால், நடுப்பட்டை அறுந்தது இப்போதுதான் வெளியே தெரிகிறது. இரண்டுக்கும் அன்று இன்னும் காலம் இருக்கிறது. "வாரம் கழிச்சு வாங்க" என்று சொல்லாமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கை அறுவை சிகிச்சை, கை பிசியோதெரபிப் பணியில் இருப்பவர்கள்